நாற்பத்திரண்டரை

"அரைன்னு போடப்பா. நாப்பத்திரண்டு போட்டு, பக்கத்துல அரை. ஆமா, தலைக்கட்டு."

சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த ரங்காத்தாளின் கை அப்படியே நின்றது. கூடத்தில் மகுடேஸ்வரன் ஃப்ளெக்ஸ் கடைக்காரனிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"பாயிண்ட் அஞ்சா? ஏப்பா, பங்குனி மாசத்துல நாப்பத்திரண்டு பாயிண்ட் அஞ்சுன்னு பேனர் வெச்சா வெயில் அளவு போட்டிருக்குதுன்னு நெனச்சுக்குவாங்க. ஒண்ணு போட்டு, கோடு போட்டு, கீழ ரெண்டு. பள்ளிக்கூடத்துல படிச்சதே இல்லையா நீயி?"

கூடத்தில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. கமிட்டி என்றால் தலைவர் மகுடேஸ்வரன், பொருளாளர் முருகவேல், அப்புறம் எதற்கும் தலையாட்ட இரண்டு மூன்று பேர். பாவடித் தெரு முருகன் கோயில் கமிட்டி எப்போதும் இந்தக் கூடத்தில்தான் கூடும். ரங்காத்தாளின் கணவர் அர்த்தநாரி செயலாளராக இருந்த காலத்துப் பழக்கம். அவர் நெஞ்சு வலியில் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. செயலாளர் போனாரே தவிர கூடம் போகவில்லை, ஃபேன் போகவில்லை, டீயும் போகவில்லை.

போன பங்குனி உத்திரம் தீட்டுக்குள் வந்தது. சாமி வாசலில் நிற்காமல் போனதில் அவளுக்கு வருத்தமில்லை. இந்த வருஷம் உத்திரத் திருவிழாவுக்கு நூறு வயது. சாமி வரும், நிற்கும், தட்டு கொடுக்க வேண்டும் என்று நினைத்து மாம்பழ நிறத்தில் ஒரு சேலைகூட எடுத்து வைத்திருந்தாள். இவ்வளவு வெளிறலா, அவ்வளவு அடர்த்தியா என்று கடையில் அரை நாள் யோசித்து எடுத்த சேலை.

டீத் தட்டோடு கூடத்துக்கு வந்தாள்.

"ஏனுங்க மாமா, நம்ம தெரு நாப்பத்தி மூணு தலைக்கட்டு தானுங்களே. அந்த அரை யாருங்க?"

டீ கொதித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் எல்லோரும் ஒரே சமயத்தில் டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்கள்.

"அது வந்துங்க அக்கா... ஒரு கணக்குக்குங்க," என்றார் முருகவேல், நாக்கைச் சுட்டுக்கொண்டு.

"கணக்குன்னா அதுல யாராச்சும் ஒருத்தர் இருக்கணுமில்லீங்க?"

மகுடேஸ்வரன் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் அர்த்தநாரிக்குப் பங்காளி முறையில் அண்ணன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் விசில். திருவிழா இல்லாத நாளிலும் அந்த விசில் இருக்கும்.

"அம்மிணி, இதுல மனசு சங்கடப்பட ஒண்ணுமில்ல. தலைக்கட்டுன்னா என்ன? தலைப்பா கட்டற தலை. அது இருந்தா ஊடு முழுசு. அது போயிருச்சுன்னா பையன் தலை. பையனும் இல்லாத ஊட்டைத் தள்ளியா வெச்சாங்க நம்ம பெரியவங்க? இல்லியே! அரைன்னு வெச்சாங்க. வரி பாதி. சலுகை அம்மிணி, சலுகை!"

"வரி முழுசாவே குடுத்தர்றனுங்க."

"நீங்க குடுத்தர்றீங்க. வாங்கறதுக்கு மொறை இல்லியே."

"நம்ம பொண்ணு சத்யா..."

"சத்யப்பிரியா ஈரோட்டுல வாழப் போன பொண்ணு. மாப்பிள்ளை அந்தூர்த் தலைக்கட்டு. ஒரு தலை ரெண்டு ஊர்ல இருக்க முடியுமா?"

"நல்லான் அண்ணன் கொமரலிங்கத்துக்குப் போயி தென்னந்தோப்பு பாக்கறாரு. எட்டிக்கூடப் பாக்கறதில்ல. அவரு தலை?"

"தலை அங்க இருந்தாலும் அவரு ஊடு இங்க இருக்குது பாருங்க."

"எம்பட ஊடும் இங்கதானுங்க இருக்குது. நானும் அதுக்குள்ளதான் இருக்கறேன்."

தலையாட்டுகிறவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, தலைவரைப் பார்த்து அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

நல்லான் வீட்டுக் கதை தெரு முழுக்கத் தெரியும். பூட்டித் துருப்பிடித்த வீடு. உத்திரத்தன்று சப்பரம் அந்த வாசலிலும் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் நல்லான் பேரில் தட்டு கொடுப்பார். பூசாரி பூட்டுக்கு நேராகக் கற்பூரம் காட்டித் திருநீற்றைக் கதவிடுக்கில் தூவுவார். முருகப்பெருமான் மயில்மேல் உட்கார்ந்து ஒரு நிமிஷம் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுப் போவார். பூட்டு முழுசு. நான் அரை. ரங்காத்தாளுக்குச் சிரிப்பு வந்தது.

"அப்ப சாமி நம்ம வாசல்ல நிக்காதுங்களா?"

"அரைக்கு நிக்காது அம்மிணி. நீங்க தட்டை எடுத்துக்கிட்டு நம்மூட்டு வாசலுக்கு வந்துருங்க. எங்க தட்டுக்குப் பின்னால வெச்சுக்கலாம். தேங்காயில ஒரு மூடி உங்களுக்கு வந்துரும்."

முழு வீட்டுக்கு இரண்டு மூடியும் திரும்பி வரும். அது எல்லோருக்கும் தெரியும்.

சங்கடத்தைக் கலைக்க மகுடேஸ்வரன் தெரு வரலாற்றுக்குப் போய்விட்டார். நூறாவது உத்திரத்துக்காகக் கோயிலில் கல்வெட்டாகப் பதிக்க அவரே வரலாறு எழுதிக்கொண்டிருந்தார். பாவடி என்றால் நெசவுக்குப் பாவு நீட்டுகிற இடம். நூலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவதற்காக அக்கம்பக்கத்தில் எங்கும் இல்லாத அகலத்தில், கோடு கிழித்த மாதிரித் தெருவைப் போட்டார்கள். பாதிப் பேர் விசைத்தறிக்காகச் சோமனூர்ப் பக்கம் போனார்கள், மீதிப் பேர் பனியனுக்கு மாறினார்கள். அகலமும் நேரும் மட்டும் அப்படியே நின்றன. காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டுக்குச் சரக்கு ஏற்றுகிற டெம்போக்காரர்களுக்கு அது போதாதா? பாவு ஓடிய வேகத்தைவிடப் பத்து மடங்கு வேகத்தில் டெம்போ ஓடியது.

மகுடேஸ்வரன் எழுதிய வரலாற்றில் பெண்கள் ஓரிடத்தில் வந்தார்கள். "பெண்கள் அதிகாலையில் கோலமிட்டனர்." பாவுக்குக் கஞ்சி தோய்த்தவர்கள், அறுந்த இழையை முடிந்தவர்கள் யாரென்று வரலாறு சொல்லவில்லை. இழைகள் தாமாகவே முடிந்துகொண்டன போலிருக்கிறது.

"எங்கப்பா காலத்துல ஒண்ணு நடந்துச்சு," என்றார் அவர், குரலை ஏற்றி. "சப்பரத்து மூங்கில் தெருக்கோடியில படார்னு முறிஞ்சு போச்சு. சாமியைக் கீழ எறக்கியாச்சு. எங்க? தலைக்கட்டுக் கணக்குலயே வராத, சவரக்கடை வெச்சிருந்தவரு ஊட்டு வாசல்ல! எறக்கின எடத்துல அந்த ஊட்டுத் தட்டு வாங்காம சாமியைத் தூக்கக் கூடாது. அது மொறை. எங்கப்பா என்ன பண்ணுனாரு? வாங்குனாரு. மொறைன்னா மொறைதான்! நம்ம தெரு அப்பிடி."

"அடுத்த வருஷம்?" என்று கேட்டாள் ரங்காத்தாள்.

"அடுத்த வருஷம் மூங்கிலை எடுத்துட்டுத் தேக்கு போட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் முறியல."

பெருமையாகச் சொன்னார். அவர் சொன்னதில் ஒளிந்திருந்ததை அவரே கேட்கவில்லை.

பிறகு வேகத்தடை விஷயத்தை எடுத்தார்கள். தெருவுக்கு வேகத்தடை வேண்டும் என்று மனு மேல் மனு கொடுத்து, மாநகராட்சியில் சம்மதித்தும் விட்டார்கள். எந்த இடம் என்று கேட்டார்கள். அங்கேதான் நின்றது. எல்லோருக்கும் வேகத்தடை வேண்டும், யாருக்கும் தன் வீட்டு வாசலில் வேண்டாம். டெம்போ பிரேக் போடுகிற கிறீச்சும் சரக்கு குலுங்குகிற தடதடப்பும் வேறு யாராவது வீட்டுத் தூக்கத்தைக் கெடுக்கட்டும். வழக்கம்போல அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள்.

கிளம்பும்போது மகுடேஸ்வரன் வாசலில் திரும்பினார். "மறந்தே போச்சு அம்மிணி. சப்பரம் தூக்கறவங்களுக்குத் தோள்மெத்தை. எப்பவும் நம்மூட்லதான தெச்சுக் குடுப்பீங்க? இந்த வருஷமும் அப்பிடியே."

"ஆகட்டுங்க மாமா," என்றாள். "அப்பிடியே தெச்சர்றேன்."

வீட்டுக்குப் பின்னால் அவளுடைய சின்ன யூனிட். நாலைந்து தையல் மெஷின், ஒரு அயர்ன் டேபிள். பனியன் கம்பெனிகளிலிருந்து ஜாப் ஒர்க் வரும். வெட்டி மிஞ்சிய துணியைத் திணித்துத்தான் அவள் ஒவ்வொரு வருஷமும் தோள்மெத்தை தைப்பாள். அர்த்தநாரி பக்கத்தில் நின்று, "இன்னுங் கொஞ்சம் திணி ரங்கா, தேக்கு கட்டை" என்பார்.

அவர் இருந்தவரைக்கும் சாமி வாசலில் நின்றதே, அப்போது எனக்குள் என்ன இருந்தது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். பக்தியா? நேர்மையாகச் சொன்னால் அது கொஞ்சம்தான். தவில் சத்தம் காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தெருவே திரும்பி இந்த வாசலைப் பார்க்கும். அந்த ஒரு நிமிஷம் அவளும் அவள் சேலையும் அவள் கோலமும் இந்தத் தெருவில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். வருஷம் முழுக்க யாருக்கும் தெரியாமல் எத்தனையோ வேலை செய்வதற்கு அந்த ஒரு நிமிஷம் போதும். சாமி அவளைப் பார்த்ததோ இல்லையோ, தெரு பார்த்தது. இனிமேல் மகுடேஸ்வரன் வீட்டுத் தட்டுக்குப் பின்னால், மூன்று வீடு தள்ளி, அடுத்தவர் வாசலில் நிற்க வேண்டும். அங்கே நிற்கிற தன்னை நினைத்துப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாததுபோல் ஒரு படம் வந்தது.

மெத்தைக்குத் துணி வெட்டினாள். திணித்தாள். பாதி திணித்ததும் கை நின்றது.

அரை வீட்டிலிருந்து முழு மெத்தை போனால் முறை தவறிப்போகாதா?

வாயை மூடித் தைத்துவிட்டாள். எல்லா மெத்தையையும் அப்படியே பாதி வயிற்றோடு தைத்தாள். தைக்கத் தைக்கக் குஷியாக இருந்தது. அடுக்கி வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது, தேக்குக் கட்டை அழுத்தப்போவது மகுடேஸ்வரனின் தோளை இல்லை.

தெரு ஆண்கள் சப்பரம் தூக்குவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். பெரியவர்களுக்கு மூட்டு வலியும் சர்க்கரையும் வந்தன. பையன்களுக்குப் பெங்களூரில் வேலை வந்தது. இப்போது தூக்குகிறவர்கள் மூக்கையாவும் அவன் கூட்டாளிகளும். மூக்கையா சிவகங்கைப் பக்கத்துக்காரன். அவள் யூனிட்டில் அயர்ன் மாஸ்டர். மனைவி வெள்ளையம்மாளோடு மாடியில் குடியிருக்கிறான்.

மெத்தைகளை அள்ளிக்கொண்டு மாடியேறினாள். மூக்கையாவும், அவனோடு சப்பரம் தூக்குகிற தூத்துக்குடி ஆரோக்கியராஜும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூக்கையா ஒரு மெத்தையைத் தூக்கி அழுத்திப் பார்த்தான். "என்னக்கா இது, பாதிக் காத்து போன பந்து கணக்கா இருக்கு?"

நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "கோவத்துல தெச்சுட்டேன் மூக்கையா. உம்பட தோளு நெனப்புக்கு வரல. பிரிச்சு முழுசாத் திணிச்சுத் தந்தர்றேன்" என்றாள்.

வெள்ளையம்மாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "இருங்கக்கா. இவரு எத்தனை வருசமாச் சாமி தூக்குறாரு? அப்ப எங்க வீடு எம்புட்டுத் தலக்கட்டு?"

"வாடகைக்கு இருக்கறவங்க கணக்குலயே வர்றதில்ல கண்ணு."

"அப்ப சைபரு. நீங்க எங்களுக்கு மேல அரை இருக்கீகளா? ஆத்தி! தெரியாமப் போச்சே. கும்புடுறேன்க்கா!" என்று கரண்டியோடு கும்பிட்டாள். ரங்காத்தாள் சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். பல நாளுக்கு அப்புறம் அப்படிச் சிரித்தாள். கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

மூக்கையா சிரிக்கவில்லை. மெத்தையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "தோளு மாத்துறது எங்கிட்டுக்கா? மகுடேசுவரன் ஐயா வாசல்ல தான?"

"ஆமா. வருசா வருசம் அங்கதான எறக்குவீங்க."

"இந்த மெத்தை அம்புட்டுத் தூரம் தாங்காது போலிருக்கே."

"அதுக்குத்தான் பிரிச்சு..."

"நம்ம வாசல் வரைக்கும் தாங்கும்," என்றான் மூக்கையா.

கீழே ஒரு டெம்போ தெருவை அலறவிட்டுக்கொண்டு போனது. எறக்கின இடத்தில் அந்த வீட்டுத் தட்டை வாங்காமல் தூக்கக் கூடாது. மகுடேஸ்வரன் சொன்ன அந்த முறையை அவள்தான் இப்போது இவர்களுக்குச் சொல்லியிருந்தாள்.

"வேண்டாம் மூக்கையா," என்றாள், சன்னமாக. "எம்பட ஆசைக்கு உம்பட தோளா?"

"தோளு என்னோடது தானக்கா? அதாச்சும் நாஞ் சொல்றபடி கேக்கட்டும்."

ஆரோக்கியராஜ் கையைக் கழுவிக்கொண்டே வந்தான். "எதுக்குல இம்புட்டுப் பாடு? நல்ல மெத்தைய வாங்கிட்டு, இந்த வாசல் வந்ததும் வலிக்கின்னு சொன்னா முடிஞ்சு போச்சுல்லா?"

"சாமி தோள்ல இருக்கையில பொய் சொல்லச் சொல்றியா?" என்றான் மூக்கையா. "நெசமா வலிக்கணும்டா."

"அதுவுஞ் சரிதான். எங்கூர்ல மாதா சப்பரம் தூக்குன தோளு இது. எந்தச் சாமின்னு அதுக்குத் தெரியுமா? வலிக்க மட்டுந்தான் தெரியும்."

"ஒனக்கு மட்டுமாவது ஒண்ணு முழுசா..." என்று ரங்காத்தாள் மறுபடியும் ஆரம்பித்தாள்.

"வேணாங்க்கா. முழு மெத்தை போட்டா நான் முழுத் தலக்கட்டு ஆயிருவேன். வம்பு."

உத்திரத்துக்கு முந்தின நாள் பேனர் வந்தது. ஃப்ளெக்ஸ் கடைக்காரன் ஒன்றும் போட்டான், கோடும் போட்டான், கீழே ரெண்டும் போட்டான். ஆனால் இடைவெளி விடவில்லை. தெரு முனையில் முருகனுக்கும் மகுடேஸ்வரனின் கும்பிட்ட கைக்கும் நடுவே, "பாவடித் தெரு 421/2 தலைக்கட்டு" என்று கொட்டை எழுத்தில் நின்றது. ஒடிசாவிலிருந்து வேலை தேடி வந்த இரண்டு பேர் அதைக் கதவு எண் என்று நினைத்துக்கொண்டு அந்த வீட்டை வீடு வீடாகத் தேடினார்கள். ரங்காத்தாளின் வாசலுக்கும் அவர்கள் வந்து கேட்டபோது, "வந்துட்டீங்க, அந்த ரெண்டு கீழ இருக்குதே, அது நாந்தான்" என்று அவள் தமிழில் சொன்னாள். அவர்களும் தலையாட்டினார்கள்.

உத்திரத்தன்று பொழுது சாயும்போது சப்பரம் கிளம்பியது. தார்ச்சாலையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். முன்னால் தவில், நாதஸ்வரம். அதற்கு முன்னால் ஒரு கையில் மைக்கும் வாயில் விசிலுமாக மகுடேஸ்வரன். ஒவ்வொரு முழு வாசலிலும் சப்பரம் தோளிலேயே நின்றது. கற்பூரம், திருநீறு, இரண்டு மூடித் தேங்காய், விசில், நடை. நல்லான் வீட்டுப் பூட்டுக்கும் கற்பூரம் காட்டினார்கள்.

ரங்காத்தாள் மாம்பழ நிறச் சேலையில், வாசல்படியில், தட்டோடு நின்றாள். சொன்னபடி மகுடேஸ்வரன் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவள். கால் நகரவில்லை. சப்பரம் நெருங்க நெருங்க மூக்கையாவின் முகம் தெரிந்தது. முகம் கறுத்துப்போயிருந்தது. கழுத்து நரம்பு விரலளவுக்குப் புடைத்திருந்தது. நடிக்கிறானோ என்று பார்த்தாள். இல்லை. வேண்டாம் சாமி, என்று நினைத்தாள், நிக்காமலே போயிருங்க. அப்படி நினைத்தபோதே கை தட்டை இன்னும் உயரமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மனசு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அரை என்றால் இதுதான் போல.

மகுடேஸ்வரன் அவள் வாசலைக் கடந்தார். தவில் கடந்தது.

"ஆத்தி! முடியல! கட்டைய வை, கட்டைய வை!" என்று மூக்கையா கத்தினான்.

"எறக்குல! எறக்குங்கன்னே!" என்றான் பின்னாலிருந்து ஆரோக்கியராஜ்.

நாலு பக்கமும் முட்டுக்கட்டைகள் டொக் டொக்கென்று ஊன்றின. தேக்குச் சப்பரம் ஒரு பெருமூச்சோடு அவற்றின்மேல் உட்கார்ந்தது. முருகன் மயில்மேல் லேசாக ஆடி, ரங்காத்தாள் வீட்டு வாசலைப் பார்த்தபடி நின்றார்.

மகுடேஸ்வரன் ஓடி வந்தார். விசில் வாயிலிருந்து கயிற்றில் தொங்கியது. "யாரைக் கேட்டு எறக்குனீங்க? தோள் மாத்தறது எங்கூட்டு வாசல்லடா!"

"தோளு சொல்லுச்சுங்க," என்றான் மூக்கையா. சட்டையை விலக்கிக் காட்டினான். தோல் கன்றிச் சிவந்து கிடந்தது.

"மெத்தை போட்டிருக்கறியே!"

"பாதிதாங்க இருக்கு." மெத்தையை எடுத்துக் கொடுத்தான். மகுடேஸ்வரன் அதை அழுத்தினார். இரண்டு விரலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. மெதுவாக வாசலைப் பார்த்தார். தெருவும் பார்த்தது.

"அம்மிணி, என்ன இது?"

"அரைத் தலைக்கட்டுங்க மாமா," என்றாள் ரங்காத்தாள். "முழுசாக் குடுத்தா மொறை தப்பிப் போயிருமில்லீங்க?"

எங்கேயோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி. மகுடேஸ்வரன் பூசாரியைப் பார்த்தார். பூசாரி சப்பரத்தின் காலைப் பார்த்தார்.

"எறக்கின எடத்துல தட்டு வாங்காமத் தூக்கப்படாதுங்களே," என்றார் பூசாரி. "நீங்கதானுங்க கல்வெட்டுலயே எழுதியிருக்கறீங்க."

தட்டு போனது. கற்பூரம் எரிந்தது. தவில்காரருக்கு என்ன தோன்றியதோ, எந்த வாசலிலும் இல்லாத ஒரு முழக்கு முழக்கினார்.

"யார் பேருக்குங்க அர்ச்சனை?"

"அர்த்தநாரி பேருக்குச் சொல்லுங்க," என்று மகுடேஸ்வரன் முந்திக்கொண்டார்.

"அவரு பேருல பாதி பொம்பளைதானுங்க மாமா," என்றாள் ரங்காத்தாள். "ஆம்பளைப் பாதி போயிருச்சு. மீதிப் பாதி பேரு ரங்காத்தாள். அதையே சொல்லுங்க சாமி."

பூசாரி சொன்னார். தன் பேர் மந்திரத்துக்கு நடுவில் வருவதை அவள் முதன்முதலாகக் கேட்டாள். யாரோ தெரியாத ஒருத்தியைக் கூப்பிட்டதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றியது. தேங்காய் உடைந்தது. பூசாரி ஒரு மூடியைத் தட்டில் வைத்துவிட்டு, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார்.

"அதை அந்தத் தோளுக்குக் குடுத்துருங்க," என்றாள் அவள்.

மூக்கையா இடது கையால் மூடியை வாங்கிக்கொண்டான். வலது கை தூக்க வரவில்லை. அதை அவள் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்தின் இனிப்பில் அது ஒரு கல்லாகக் கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டாள்.

மகுடேஸ்வரன் தெருவின் நடுவில் நின்றார். சிரிப்பு பரவிக்கொண்டிருந்தது. ஏதாவது செய்தாக வேண்டும். மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"பக்தகோடிகளே! பண்டைக் காலந்தொட்டு நமது தெருவின் நடுப்புள்ளியாகிய இந்த இடத்திலேதான் எம்பெருமானுக்குத் தோள் மாற்றுவது வழக்கம். இடையிலே சில காலம் அது விட்டுப்போயிருந்தது. இந்த நூறாவது ஆண்டிலே அதை நாம் மீட்டிருக்கிறோம்!"

கைதட்டினார்கள். ஒரு வழக்கம் பிறந்த நிமிஷத்திலேயே நூறு வயதாவதை ரங்காத்தாள் வாசல்படியில் நின்று பார்த்தாள்.

அடுத்த கூட்டம் வழக்கம்போல் அவள் கூடத்தில்தான். டீ வந்தது. ஒவ்வொரு டம்ளரிலும் பாதி. எல்லோரும் டம்ளருக்குள் பார்த்தார்கள்.

"ரோசனை பண்ணிப் பாத்தேன்," என்றார் மகுடேஸ்வரன். "தூக்கறவங்க தோள் அன்னிக்குக் கன்னிப்போனதைப் பாத்து எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. அதனால அடுத்த வருஷத்துல இருந்து சப்பரத்துக்குச் சக்கரம். நாலு சக்கரம், பேரிங் போட்டு. வெல்டிங் பட்டறையில பேசியாச்சு. தோளே வேண்டாம், மெத்தையும் வேண்டாம், எறக்கறதும் வேண்டாம். முழு வாசல்ல நிறுத்தி, நிறுத்தி, தள்ளிக்கிட்டே போயிரலாம்."

"அப்ப எங்க வாசல்லீங்க மாமா?"

"கணக்கு எப்பவும்போலத்தான் அம்மிணி. நாப்பத்திரண்டரை. அதை மாத்தறதுக்கு நாம யாரு?"

முதலில் மூங்கில். அப்புறம் தேக்கு. இப்போது சக்கரம். இவர்களுக்கு எதை வேண்டுமானாலும் மாற்ற வரும், அந்த அரையைத் தவிர. மாடிப்படியில் வெள்ளையம்மாள் துணி மடிக்கிற சாக்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்தது வேகத்தடை," என்றார் முருகவேல். "மாநகராட்சியில இதுதான் கடைசின்னு சொல்லிட்டாங்க. எடம் சொல்லலைன்னா வேற தெருவுக்குப் போயிருமாம்."

கூடத்தில் ஒவ்வொருவருக்கும் திடீரென்று ஒரு காரணம் இருந்தது. ஒருவர் வீட்டில் கைக்குழந்தை. ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. மகுடேஸ்வரன் வீட்டு வாசலில் வாஸ்துப்படி மேடு ஆகாது.

"எங்கூட்டு வாசல்லயே போட்டுக்குங்க மாமா," என்றாள் ரங்காத்தாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அம்மிணி! பகல் ராத்திரின்னு பாக்காம டெம்போ குலுங்குமே!"

"குலுங்கட்டுங்க. தெருவுக்கு நல்லதுன்னா யாராச்சும் ஒருத்தர் தாங்கித்தானுங்களே ஆகணும்?"

மகுடேஸ்வரனின் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு நடந்ததையெல்லாம் அந்த நிமிஷத்தில் அவர் மன்னித்துவிட்டார். "பாத்தீங்களாப்பா? இதுதான் நம்ம தெருப் பொம்பளைங்க! எழுது முருகவேலு, தீர்மானமா எழுது."

"நல்லா ஒசரமாப் போடச் சொல்லுங்க மாமா," என்றாள் ரங்காத்தாள், காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கியபடி. "சக்கரம் வெச்சது எதுவா இருந்தாலும் நின்னுதான் போகோணும்."

மாடிப்படியில் வெள்ளையம்மாள் மடித்த துணியை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள்.

முருகவேல் எழுதி முடித்து வாசித்தார். "பாவடித் தெரு நாற்பத்திரண்டரைத் தலைக்கட்டின் சார்பில் ஏகமனதாக..." 'அரை' வந்த இடத்தில் மட்டும், வீட்டுக்காரி இருக்கிறாளே என்ற மரியாதைக்கு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சத்தமாவே படிங்க தம்பி," என்றாள் ரங்காத்தாள் சமையலறையிலிருந்து. "அந்த அரைதானுங்க வாசலைக் குடுக்குது."